இருநூற்று இருபத்தொன்பதாவது கல்

டைல்ஸ் மேஸ்திரிக்கு அவரைத் தெரிந்தவர்கள் வைத்த பெயர் ரசமட்டம், தளம் மட்டமா என்று பார்க்கிற கருவியின் பெயர். முப்பது வருடமாகத் தரையில் முட்டி போட்டுப் பிழைக்கிற மனிதர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஆட்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தரையைத்தான் பார்ப்பார். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்குப் போனபோது, காப்பி டம்ளரைக் கையில் வாங்கியவுடனே, “அந்த மூலை அரை அங்குலம் இறங்கியிருக்கு” என்று சொல்லிவிட்டார். மாமனார் அன்று முழுவதும் அந்த மூலையையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அவர் சிரிக்கமாட்டார். அரை அங்குலம் அரை அங்குலம்தானே.

அந்த வருடம் அவருக்குக் கிடைத்த பெரிய வேலை, மூடிக்கிடந்த ஒரு கயிறு ஆலையில். கயிறு திரிப்பதற்கு நீட்டுவாக்கில் இடம் வேண்டும் என்பதால் கட்டடத்தை ரயில்பெட்டி மாதிரி கட்டியிருந்தார்கள். அகலம் ஏழு மீட்டர்கூட இல்லை, நீளமோ நூற்றைம்பது மீட்டருக்கு வரும். அதை அறிவியல் கூடமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த முனையில் பிரபஞ்சம் பிறக்கிறது, அந்த முனையில் இன்றைய தேதி. நடுவில் நடந்துபோகிற தரை முழுக்க மேஸ்திரியின் பொறுப்பு.

தரைக்கு யோசனை கொடுத்தவர் வானியல் படித்த ஒரு பெண். நாற்பது வயதை ஒட்டியவர். வெயிலோ மழையோ ஒரே ஜோடி கான்வாஸ் ஷூவோடு வந்து நிற்பார். எல்லோரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் நாள் வெறும் சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டு அவர் விளக்கினார். பிரபஞ்சத்துக்கு வயது ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருடம். அதை நூற்று முப்பத்தெட்டு மீட்டரில் அடக்கப்போகிறோம். ஒரு மீட்டர் நடந்தால் பத்துக் கோடி வருடம். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு லட்சம். முக்கியமான பதின்மூன்று இடங்களில் தரையின் நடு வரிசையில் குறுக்கே, ஒரு கல் அகலத்துக்கு மட்டும் பித்தளைப் பட்டை பதிக்க வேண்டும். முதல் அணுக்கள் உருவானது சுவரிலிருந்து நாலு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முதல் நட்சத்திரங்கள் ஒன்றரை மீட்டரில். சூரியன் பிறப்பதற்குத் தொண்ணூற்றிரண்டு மீட்டர் நடக்க வேண்டும். டைனோசர்கள் அழிந்தது முடிவுக்கு அறுபத்தாறு சென்டிமீட்டர் முன்னால்.

“மனுஷன் எங்க மேடம்?” என்று கேட்டார் மேஸ்திரி.

அந்த அம்மா குனிந்து, அங்கே கிடந்த பிளாஸ்டிக் ஸ்பேசர் ஒன்றை எடுத்தார். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் இடைவெளி ஒரே மாதிரி இருக்க வைக்கிற துண்டு அது. “இது எவ்வளவு?”

“மூணு மில்லி.”

“மூணு லட்சம் வருஷம். மனுஷன் வந்ததிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் அவ்வளவுதான். நீங்க சாந்து அடைக்கிற இடுக்கு இருக்கே, அதுக்குள்ள எல்லாரும் வந்துடுவோம்.”

மேஸ்திரி ஸ்பேசரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்போ கடைசி இடுக்கை நல்லா அடைக்கணும்,” என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டார். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

வேலை அவருக்குப் பிடித்துப்போயிற்று. கூட இருந்தது மனைவியின் தம்பி. நாற்பது வயதான சாது. சாந்து கலப்பது, கல் அறுப்பது, டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது எல்லாம் அவன்தான். இருவரும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். பதினேழு வருடமாகச் சேர்ந்து வேலை செய்பவர்களுக்குப் பேச என்ன இருக்கிறது?

பிரச்சினை முதலில் வந்தது நுழைவுக் கூடத்தில். அங்கே இருபது பெரிய கற்களைப் பதிக்கச் சொல்லியிருந்தார் மேடம். ஒன்று வெள்ளை, ஐந்து சாம்பல், பதினாலு கறுப்பு. பிரபஞ்சம் எதனால் ஆனது என்பதற்கு அது கணக்காம். கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரம், கடல், மலை, மரம், மேஸ்திரி சாந்து பூசுகிற கரணை, மைத்துனனின் பீடி எல்லாமே அந்த ஒரு வெள்ளைக் கல்லுக்குள் அடக்கம். சாம்பல் ஐந்தும் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிற ஏதோ ஒன்று. கறுப்பு பதினாலும் எல்லாவற்றையும் விலக்கி விரிய வைக்கிற ஏதோ ஒன்று.

“ஏதோ ஒண்ணுன்னா என்ன மேடம்?”

“தெரியாது மேஸ்திரி.”

“உங்களுக்குத் தெரியாதா, இல்ல யாருக்குமே தெரியாதா?”

“யாருக்குமே தெரியாது.”

மேஸ்திரி அடுத்த கறுப்புக் கல்லை எடுக்கப் போனார். ஆனால் அன்று சாயந்தரம் வரை அவர் முகம் சரியாக இல்லை. இருபதில் பத்தொன்பது தெரியாது என்று ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொல்வதும், அதைக் கல்லில் வேறு பதித்து வைப்பதும் அவருக்குப் பொறுக்கவில்லை. தெரியாது என்ற சொல்லே அந்த மாதத்தில் அவருக்கு வேப்பங்காயாகக் கசந்துகொண்டிருந்தது.

காரணம் வீட்டில் இருந்தது. அவர் மனைவி தையல்காரி. வாசல் அறையில் இரண்டு மெஷின் போட்டு இருபத்தைந்து வருடமாகத் தைக்கிறாள். போன வருடத்திலிருந்து அலமாரிக் கதவில் தோளை இடித்துக்கொள்வதும், பக்கத்தில் வந்து நிற்கிறவர் பேசினால் திடுக்கிடுவதுமாக இருந்தாள். கண் டாக்டரிடம் போனார்கள். விழிக்குப் பின்னால் இருக்கிற திரை ஓரங்களிலிருந்து மெல்ல மெல்லத் தேய்ந்து வருகிறதாம். நேரே பார்த்தால் ஊசியின் காது தெரியும். பக்கவாட்டில் ஆள் நின்றால் தெரியாது. எத்தனை வருடத்தில் எவ்வளவு போகும் என்று மேஸ்திரி கேட்டார். சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஐந்து வருடமும் ஆகலாம், இருபது வருடமும் ஆகலாம்.

சொல்ல முடியாது என்கிற டாக்டர் என்ன டாக்டர் என்று மேஸ்திரி இரண்டாவது டாக்டரிடம் கூட்டிப்போனார். அவரும் அதையே சொன்னார். மூன்றாவது டாக்டரும் அதையே சொன்னபோது, மேஸ்திரி அந்த அறையின் தரையைப் பார்த்து, கல்லெல்லாம் ஏறுக்கு மாறாக இருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து வந்தார். வேறு ஊரில் நாலாவதாக ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவரிடமும் ஒரு தேதி வாங்கியிருந்தார்.

“எனக்குக் கண்ணுல மருந்து ஊத்தி ஊத்தியே பார்வை போயிடும்போல இருக்கு,” என்றாள் மனைவி. “அவங்க என்ன மறைச்சா வைக்கிறாங்க? தெரியலன்னு சொல்றாங்க. விடுங்களேன்.”

“தெரியலன்னு சொல்றதுக்கு எதுக்குப் படிச்சாங்க?”

அவள் மெஷினை மிதித்தாள். வாக்குவாதத்தை முடிக்க வேண்டுமென்றால் அவள் மிதிக்கிற வேகமே போதும்.

ஆலையில் வேலை முடியும் கட்டத்துக்கு வந்தது. திறப்பு விழாவுக்கு ஐந்து நாள் இருந்தது. பட்டைகள் எல்லாம் பதித்தாயிற்று, இடுக்குகள் அடைத்தாயிற்று. காலையில் மேஸ்திரி ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு முதல் சுவரிலிருந்து நடந்தார். வேலை முடிந்ததும் கற்களை எண்ணிக்கொண்டே ஒருமுறை நடப்பது அவர் வழக்கம். எண்ணத் தேவையில்லை, ஆனாலும் கால் எண்ணும். அறுபது சென்டிமீட்டர் கல், மூன்று மில்லி இடுக்கு. இருநூற்று இருபத்தெட்டு எண்ணி, இருநூற்று இருபத்தொன்பதாவது கல்லில் கால் வைத்தபோது நின்றார். இன்றைய தேதியைக் குறிக்கிற கடைசிப் பட்டை அந்தக் கல்லில்தான் இருந்தது. அது சரி. ஆனால் கல்லின் கிட்டத்தட்ட நடுவில் இருந்தது.

அவர் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். நூற்று முப்பத்தெட்டு மீட்டர் என்றால் பட்டை கல்லின் அந்தப் பக்கத்து ஓரத்தை ஒட்டி விழ வேண்டும். நடுவில் விழ முடியாது. தரையிலேயே உட்கார்ந்து கரிக்கோலால் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். இருபது சென்டிமீட்டர் குறைந்தது.

முப்பது வருடத்தில் பதித்த கல்லை அவர் பெயர்த்ததே கிடையாது.

இரும்பு அளவுகோலான கைச்சட்டத்தை எடுத்து நீள டேப்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. முப்பது மீட்டர் டேப்பின் தலைப்பு அறுந்து, கிழிந்த நாலு சென்டிமீட்டரை நறுக்கிவிட்டு வளையத்தை மறுபடி மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தடவை விரித்து அளக்கும்போதும் நாலு சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கிறது. நூற்று முப்பத்தெட்டுக்கு ஐந்து தடவை விரித்தார்கள். ஐந்து நாலு இருபது. முதல் இரண்டு பட்டைகளைக் கைச்சட்டத்தால் அளந்ததால் அவை தப்பித்தன. மிச்சம் பதினொன்றும் தப்பு.

மைத்துனன் டேப்பைப் பார்த்தான், பிறகு மேஸ்திரியைப் பார்த்தான், பிறகு தன் செருப்பைப் பார்த்தான்.

“வேன் கதவுல மாட்டி அறுந்துடுச்சு மாமா. சரி பண்ணிட்டேன்னு நெனச்சேன்.”

“ஏன் சொல்லல?”

“நீங்க அன்னிக்கு அக்காவைக் கூட்டிட்டு டாக்டர்கிட்ட போயிட்டு வந்தீங்க. மூஞ்சியைப் பார்த்தேன். அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் மறந்தே போச்சு.”

மேஸ்திரி கோபப்பட வேண்டும் என்று நினைத்தார். கோபம் வரவில்லை. டேப்பின் தலைப்பைப் பார்க்காமல் தினமும் கையில் வாங்கியது யார்? அடுத்தவன் வீட்டு மூலையில் அரை அங்குலம் கண்டுபிடித்த கண்ணுக்கு, தன் கையிலிருந்த நாலு சென்டிமீட்டர் தெரியவில்லை.

வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்டரிடம்தான் முதலில் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, கூரையைப் பார்த்து மூச்சு விட்டார். “ரசமட்டம், விழாவுக்கு வர்றவன் எவனாவது டேப்போட வரப்போறானா? வாயை மூடிக்கிட்டு மூட்டையைக் கட்டு.” அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு இன்னும் மின்விளக்கு பாக்கி இருந்தது, கழிப்பறைக் குழாய் பாக்கி இருந்தது.

அடுத்து மேடத்திடம் போனார். அந்த அம்மா ஒரு ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, சுவரில் மாட்டப்போகிற பலகைகளின் எழுத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி டேப்பை அவர் மடியில் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். மைத்துனன் பெயரை எடுக்கவில்லை. டேப் அறுந்திருந்தது, நான் பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னார்.

மேடம் டேப்பின் அறுந்த தலைப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, ஆச்சரியமாக, சிரித்தார்.

“இருபது சென்டிமீட்டர்னா ரெண்டு கோடி வருஷம். மேஸ்திரி, எங்க கணக்கே அவ்வளவுதான். ஆயிரத்து முந்நூத்தி எண்பது கோடின்னு சொல்றோமே, அதுல ரெண்டு கோடி இந்தப் பக்கம் இருக்கலாம், ரெண்டு கோடி அந்தப் பக்கம் இருக்கலாம். அதுக்குமேல எங்களால நெருங்க முடியல. உங்க தப்பு எங்க சந்தேகத்துக்குள்ளயே அடங்கிடுது. விட்டுடுங்க.”

மேஸ்திரி தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். இருபது சென்டிமீட்டர் என்றால் அவர் கையில் ஒரு சாண். உலகம் தொடங்கிய இடத்தைத் தேடி இவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர்களும் ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். அது அவருக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. உடனே வேறு ஏதோவாக ஆயிற்று.

“அந்த ஒரு சாணை எப்படிக் கண்டுபிடிச்சீங்க மேடம்?”

அவர் சொன்னார். பிரபஞ்சம் குழந்தையாக இருந்தபோது கிளம்பிய வெளிச்சம் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. அதைப் பிடிக்கிற கருவிகளை வானத்துக்கு அனுப்பி வருடக்கணக்கில் அளந்தார்கள். அளந்ததை வேறு ஆட்கள் சரிபார்த்தார்கள். கருவியால் எவ்வளவு பிசகும், நடுவில் இருக்கிற தூசியால் எவ்வளவு பிசகும் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, இதற்குமேல் கழிக்க முடியாது என்ற இடத்தில் நின்றார்கள். பிரபஞ்சம் விரிகிற வேகத்தை வேறு வழியில் அளப்பவர்களுக்கு இன்னொரு விடை வருகிறது, அந்தச் சண்டை தீரவில்லை. அதையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மேஸ்திரி முழுவதையும் கேட்டார். புரிந்தது பாதி. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது.

“அப்போ உங்க சாண் அளந்து அளந்து வந்த சாண். என் சாண் அளக்காம வந்தது. ரெண்டும் ஒரே நீளம்தான். அதுக்காக ஒண்ணாயிடுமா மேடம்?”

அந்த அம்மா மடியிலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டினார்.

“தெரியாதது வேற. தெரிஞ்சும் விட்டுட்டுப் போறது வேற. நான் பார்க்காமலே இருந்திருந்தாகூட வேற விஷயம். இப்போ எனக்குத் தெரியும். இனிமே அது உங்க சந்தேகத்துல போய் ஒளிஞ்சுக்க முடியாது.”

மேடம் பலகைகளை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். எத்தனை கல் எடுக்க வேண்டும் என்று கேட்டார். பதினொரு பட்டை, கல் கணக்கில் பதினாறு என்றார் மேஸ்திரி. பதினெட்டுக் கல் மிச்சம் இருந்தது. இன்றும் நாளையும் பெயர்த்துப் பதித்தால் மூன்றாம் நாள் காயும், நாலாம் நாள் இடுக்கு அடைத்துவிடலாம்.

காண்ட்ராக்டரிடம் மேடமே பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. காண்ட்ராக்டர் வந்து பித்தளைப் பட்டைகளை மட்டும் வளைக்காமல் எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நாலாவது டாக்டருக்கு வாங்கிய தேதி மறுநாள். மேஸ்திரி மத்தியானம் மனைவிக்குப் போன் செய்து, வர முடியாது, தேதியைத் தள்ளிப்போடு என்றார். தள்ளிப்போடவா, விட்டுவிடவா என்று அவள் கேட்டாள். மேஸ்திரி கொஞ்சம் நிறுத்தி, விட்டுவிடு என்றார். அவள் மெஷினை நிறுத்திவிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

பதித்த கல்லைப் பெயர்ப்பது பதிப்பதைவிடக் கொடுமை. பக்கத்துக் கல்லுக்கு அடி படாமல் நடுவில் உடைத்து, சில்லு சில்லாக எடுக்க வேண்டும். மேஸ்திரி முதல் கல்லில் சுத்தியலை வைத்தார், மறுபடி எடுத்தார். மைத்துனன், “நான் உடைக்கிறேன் மாமா, நீங்க அந்தப் பக்கம் பாருங்க,” என்றான். மேஸ்திரி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் சுத்தியலை அவனிடம் கொடுத்தார்.

இந்தத் தடவை டேப் புதிது. அதன் மறுமுனையை மேடம் பிடித்துக்கொண்டார். கான்வாஸ் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மேஸ்திரி சொல்லச் சொல்ல முனையை அழுத்திப் பிடித்தார். சூரியனின் பட்டையை அளந்துகொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே ஒன்று சொன்னார். அவருக்கு முப்பது வயதில் தொலைதூர நட்சத்திரங்களின் வெளிச்சத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டு வெளியிட்டிருக்கிறார். வெளியான பிறகுதான் தூசிக்காகக் கழிக்க வேண்டியதை இரண்டு தடவை கழித்துவிட்டது அவருக்குத் தெரிந்தது. விடை பெரிதாக மாறவில்லை, சந்தேக எல்லைக்குள்ளேயே இருந்தது. அதனால் ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

“அப்புறம்?”

“வேற நாட்டுல ஒருத்தர் கண்டுபிடிச்சு, ரொம்ப மரியாதையா கடிதம் எழுதினார். நான்தான் முதல்ல எழுதியிருக்கணும். தப்பைவிட அந்த ஒரு மாசம்தான் இன்னும் உறுத்துது.”

மேஸ்திரி ரசமட்டத்தைக் கல்லின் மேல் வைத்து, குமிழி நடுவுக்கு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் இன்னிக்குக் காலையில ஒரு பத்து நிமிஷம் யோசிச்சேன் மேடம். பேசாம போயிடலாமான்னு,” என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. இரண்டு பேருமே அதற்குப் பிறகு கொஞ்சம் லேசாக இருந்தார்கள்.

நாலாம் நாள் சாயந்தரம் கடைசி இடுக்கையும் அடைத்துத் துடைத்தார்கள். மைத்துனன் எண்ணிக்கொண்டே நடந்தான், மேஸ்திரி கூட நடந்தார். கடைசிப் பட்டை இருநூற்று இருபத்தொன்பதாவது கல்லின் ஓரத்தில், விழ வேண்டிய இடத்தில் விழுந்திருந்தது.

திறப்பு விழாவுக்கு மனைவி தானே தைத்த நீல ரவிக்கை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவளைக் கூட்டத்தில் இடிபடாமல் மேஸ்திரி ஓரமாக நடத்திக்கொண்டு போனார். ஒவ்வொரு பட்டையிலும் அவள் நின்றாள். சூரியன் வருவதற்குள் கால் வலிக்கிறது என்றாள். இத்தனை நீளத்துக்கு ஒன்றுமே நடக்கவில்லையா என்று கேட்டாள். நடந்துகொண்டுதான் இருந்தது என்றார் அவர். இரும்பு, சுண்ணாம்பு, உன் ஊசி, என் கரணை எல்லாவற்றுக்கும் சரக்கு இந்த நீளத்தில்தான் வெந்தது, நட்சத்திரம் வெடித்து வெடித்துத்தான் அதெல்லாம் வெளியே வந்தது, மேடம் சொன்னார்கள் என்றார். அவள் கழுத்தைத் திருப்பி, வந்த வழி முழுவதையும் நேராகப் பார்த்தாள். இப்போதெல்லாம் எதைப் பார்க்கவும் அவள் முழு முகத்தையும் திருப்ப வேண்டியிருக்கிறது.

முதல் சுவரில் இருந்த பலகையில் மேடம் ஒரு வரி கூட்டியிருந்தார். இந்த இடம் ஒரு சாண் முன்பின்னாக இருக்கலாம். அதற்குமேல் இன்னும் எங்களுக்குத் தெரியாது. அதைப் படித்துவிட்டு மனைவி, “பரவாயில்லையே, ஒத்துக்கிட்டாங்களே,” என்றாள்.

அடுத்த வாரம் அவர்கள் கண் டாக்டரிடம் போனார்கள். நாலாவது ஆளிடம் இல்லை, முதலில் பார்த்தவரிடம். மேஸ்திரிதான் போகலாம் என்றார். தலை நரைத்த அந்த டாக்டர் இவர்களைப் பார்த்ததும் கொஞ்சம் இறுகிப்போனார். போன தடவை மேஸ்திரி கதவைச் சாத்திய விதம் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

மேஸ்திரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். “எத்தனை வருஷம்னு கேட்க வரல டாக்டர். உங்களுக்கு இதுல எது நிச்சயமா தெரியும், எது தெரியாது, ரெண்டையும் தனித்தனியா சொல்லுங்க. அது போதும்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு மறுபடி திறந்து, ஒரு காகிதத்தின் நடுவில் கோடு போட்டார். பேச ஆரம்பித்தவர் அரை மணி நேரம் நிறுத்தவில்லை. ஓரப் பார்வை இனி திரும்பாது, அது தெரியும். மங்கலான வெளிச்சத்தில் சிரமம் கூடும், அதுவும் தெரியும். அவள் ஸ்கூட்டர் ஓட்டுவதை இன்றோடு நிறுத்த வேண்டும். நடுப் பார்வை பெரும்பாலானவர்களுக்குக் கடைசியில்தான் பாதிக்கும், ஆகவே தையலை இப்போது விட வேண்டியதில்லை. நல்ல விளக்கு வேண்டும். கோட்டின் இந்தப் பக்கம் இவ்வளவும் நிரம்பியது. அந்தப் பக்கம் ஒரே ஒரு வரிதான் இருந்தது: எவ்வளவு வேகத்தில் என்பது தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டே வந்தால் இரண்டு மூன்று வருடத்தில் அதையும் ஓரளவு நெருங்கலாம் என்றார்.

“இதையெல்லாம் அன்னிக்கே சொல்லியிருக்கலாமே டாக்டர்,” என்றாள் மனைவி.

“அன்னிக்கு இவர் ஒரு நம்பரைத்தானே கேட்டார்,” என்றார் டாக்டர். “என்கிட்ட அது இல்ல. இல்லேன்னதும் எழுந்து போயிட்டார்.”

வீட்டுக்கு நடந்தே போனார்கள். ஸ்கூட்டரை யாருக்குக் கொடுப்பது என்று மனைவி யோசித்துக்கொண்டு வந்தாள். தம்பிக்கே கொடுத்துவிடலாம் என்றாள். அப்படியாவது வேன் கதவில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் இருப்பானாம். டேப் விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். “அன்னிக்கு ராத்திரியே வந்து எல்லாத்தையும் கொட்டிட்டான். நீங்க எப்போ சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். நீங்க அவன் பேரை எடுக்கவே இல்ல.” மேஸ்திரி அவள் பார்வைக்கு எட்டாத இடது பக்கத்துக்கு மாறி நடந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தன் வீட்டு வேலையை எடுத்துக்கொண்டார். வாசலில் நாலு படி, பின்கட்டில் மூன்று. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் சொரசொரப்பான பட்டை ஒன்றைப் பதித்தார், கால் வைத்தவுடனே படி முடிகிற இடம் தெரிகிற மாதிரி. மனைவி மெஷினிலிருந்து எழுந்து வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“எனக்குத்தான் இப்போ படி நல்லாத் தெரியுதே.”

“தெரியும்.”

“பின்ன எதுக்கு இப்பவே?”

“எப்போ வேணும்னுதான் தெரியாது. வேணும்கிறது தெரியுமே,” என்றார் அவர், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பட்டை ஈரமாக இருப்பதைக்கூடப் பார்க்காமல் முதல் படியில் கால் வைக்கப் போனாள். மேஸ்திரி அவள் கணுக்காலைப் பிடித்துத் தூக்கி, பக்கத்துத் தரையில் வைத்தார். காய ஒரு நாள் ஆகும் என்றார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, மிச்சத் துணியைத் தைக்க உள்ளே போனாள்.